துடுப்பு யார் கையில்?

“சங்கரன்கோவிலில் படகுச் சங்கமா? குழாயடியில் குடத்தை வரிசை வைத்துக் காத்துக் கிடக்கும் கரிசல் சீமையிலே துடுப்புப் பிடிக்கப் பழகு என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?” என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பாதி நியாயம்தான். மீதிப் பாதியை எடுத்துச் சொல்லவே இன்று இதை எழுதுகிறோம்.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு இப்போது தமிழ்நாட்டில் பரவி வருகிறது. கோவளத்தில் இருக்கிறது, இராமேசுவரத்தில் இருக்கிறது, தூத்துக்குடியில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும் வசதி படைத்தவர்கள் மணிக் கணக்குக்குப் பணம் கட்டுகிறார்கள், துடுப்பு வலிக்கிறார்கள், படம் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். கரையில் நின்று அதைப் பார்க்கும் உழைப்பாளி, “இது நமக்கானதல்ல” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறான்.

இதைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். “நமக்கானதல்ல” என்று உழைப்பாளி ஒதுங்கிக்கொண்ட ஒவ்வொன்றும் வேறு யாருக்கோ பட்டாவாகிப் போயிற்று. கல்வி அப்படிப் போயிற்று. நிலம் அப்படிப் போயிற்று. நீரும் அப்படிப் போகலாமா?

உழைப்பாளி கண்ட படகு

முதலில் கயாக் எவனுடைய சொத்து என்பதைத் தெரிந்துகொள்வோம். பனிக்கடலின் ஓரத்தில், கிரீன்லாந்திலும் வடஅமெரிக்காவின் வடகோடியிலும் வாழும் இன்யூட் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பயன்படுத்திய வேட்டைப் படகு அது. மரம் முளைக்காத பூமி அது. கடல் ஒதுக்கிய கட்டையையும் திமிங்கில எலும்பையும் சட்டமாகக் கட்டி, கடல்நாயின் தோலை அதன்மேல் இழுத்துத் தைத்தார்கள். தைத்தவர்கள் பெண்கள், வலித்தவர்கள் ஆண்கள். பசிக்கு மீனும் இறைச்சியும் தேடப் போனவனின் தொழிற்கருவி அது. சீமான் வீட்டுப் பொம்மையாக அது பிறக்கவில்லை.

நம் நாட்டுக் கதையும் வேறல்ல. கட்டுமரம் என்ற நம் சொல்லை உலகத்து மொழிகள் பலவும் எடுத்துக்கொண்டன. அந்தச் சொல்லைக் கொடுத்தவன் அரண்மனைப் புலவன் அல்லன். கரையில் நாலு கட்டையைக் கயிற்றால் கட்டி அலைக்குள் இறங்கிய மீனவன். ஒகேனக்கலில் பரிசலைச் சுழற்றுபவனும், தூத்துக்குடியில் தோணியில் பாரம் ஏற்றியவனும் உழைப்பாளிகளே. படகைக் கண்டவனும் கட்டியவனும் ஓட்டியவனும் பாட்டாளியாக இருக்க, படகு விளையாட்டு மட்டும் சீமான்களின் தோட்டத்துக்குள் போனது எப்படி?

கூலி வாங்கும் கைக்குத் தடை

போனது தானாக அல்ல. சட்டம் போட்டுக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் 1882இல் அமைந்த படகு விளையாட்டுச் சங்கத்தின் விதியைக் கேளுங்கள். கூலிக்கு வேலை செய்யும் இயந்திரத் தொழிலாளி, கைவினைஞன், உடலுழைப்பாளி எவனும் ‘அமெச்சூர்’ ஆகமாட்டான்; அவன் போட்டியில் கலந்துகொள்ளவும் கூடாது. கையில் காப்புக் காய்த்தவன் துடுப்பைத் தொட்டால் விளையாட்டு தீட்டுப்பட்டுவிடும் என்ற எண்ணம்! தீட்டு என்ற நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ணுகிறவர்கள் இந்த விதியைப் பார்க்கட்டும்.

அந்த அநியாயத்தை எதிர்த்து 1890இல் தொழிலாளருக்கு இடம் தரும் இன்னொரு படகுச் சங்கம் அந்த நாட்டிலேயே எழுந்தது. ஆனாலும் பழைய மதில் உடனே விழவில்லை. 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் கொத்தனார் ஜான் கெல்லி, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி படகுப் பந்தயத்துக்கு மனுச் செய்தார். மறுத்துவிட்டார்கள். அவருடைய சங்கத்தின் மேலிருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் செங்கல் அடுக்கிய கைத்தொழிலாளி என்பது இன்னொரு காரணம். கெல்லி என்ன செய்தார்? அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்குப் போனார். தனிப் படகில் இங்கிலாந்து வீரரைத் தோற்கடித்துத் தங்கம் வென்றார். இரட்டையர் படகிலும் தங்கம் வென்றார். 1936இல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் குழுவுக்கும் அதே ஹென்லி கதவு அடைக்கப்பட்டது. அவர்கள் போலீஸ்காரர்கள், கையால் வேலை செய்பவர்கள் என்பது குற்றம். உலகம் சிரித்தது. 1937இல் அந்த விதியை எடுத்தெறிந்தார்கள். 1947இல் கெல்லியின் மகன் அதே ஹென்லியில், தந்தைக்கு மறுக்கப்பட்ட அதே பந்தயத்தில் வென்றார்.

இதை எதற்காகச் சொல்கிறோம்? விளையாட்டுக் களமும் உரிமைக் களந்தான் என்பதைக் காட்டுவதற்காக. கூலி உயர்வுக்குப் போராடுபவன், ஓய்வுக்கும் விளையாட்டுக்கும் போராடுவது வீண் வேலை அல்ல.

நம் நாட்டு நிலை

சென்னையில் அடையாற்றங்கரையில் படகுக் கழகம் ஒன்று 1867இல் தோன்றியது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது அது. துரைமார்கள் போய்விட்டார்கள். ஆனால் படகுக் கழகம் என்றாலே பெரிய மனிதர்களின் இடம் என்ற எண்ணம் மட்டும் இன்றும் நம் மக்களின் மனத்தில் குந்தியிருக்கிறது.

அந்த எண்ணத்தை முறியடித்தவர்கள் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள். மராட்டியத்தில் நாசிக் மாவட்டத்தின் வறண்ட பகுதியிலே தளேகாவ் ரோஹி என்ற சிற்றூர். அங்கே கூலி வேலை செய்து வளர்ந்த தத்து போகனள், 2012இல் இராணுவத்தில் சேர்ந்தார்; துடுப்பை அங்கேதான் முதன்முதலாகப் பிடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிப் படகில் இந்தியாவின் சார்பில் போட்டியிட்டு 13ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் படகில் தங்கம் வென்ற குழுவில் ஒருவர் அவர். அவர் ஓட்டியது கயாக் அன்று, அதற்கு அண்ணன் முறையான பந்தயப் படகு. ஆனால் நாம் காண வேண்டியது வேறு. பிறந்த ஊர் வறண்ட ஊர்! கிணற்றில் தண்ணீர் தேடும் ஊரிலிருந்து ஒலிம்பிக் ஏரிக்குப் போனார் ஒருவர். சங்கரன்கோவில் தோழர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், இருவர் கனோ படகில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் வெண்கலம் பெற்றார்கள். 1994 ஹிரோஷிமாவுக்குப் பிறகு இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அதுவே. ஒருவர் மணிப்பூர் மீனவர் வீட்டுப் பிள்ளை. மற்றவருடைய தாய் மருந்துத் தொழிற்சாலைக் கூலித் தொழிலாளி. அதே மாதத்தில் அதே நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஆசிய விளையாட்டில், குவாலியரைச் சேர்ந்த பிராச்சி யாதவ் கயாக் போட்டியில் தங்கம் வென்றார். கால்கள் ஒத்துழைக்காத பெண், கைகளாலும் இடுப்பாலும் நீரை வென்றார்.

சீமான்களின் விளையாட்டு என்று சொல்லப்பட்ட விளையாட்டில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்களின் வீட்டு முகவரியைப் பார்த்தீர்களா? சீமான்களின் தெருவில் அல்ல!

தண்ணீர் இல்லாத ஊரா?

இனி சங்கரன்கோவிலுக்கு வருவோம். இது ஆற்றங்கரை ஊர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில், வானம் பார்த்த பூமியில் நிற்கும் ஊர். 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தில், விசைத்தறியின் ஓசையிலே விடிந்து அந்த ஓசையிலேயே அடையும் ஊர்.

ஆனால் தண்ணீரே இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியுமா? சுற்றிலும் உள்ள சிற்றூர்களின் குளங்கள் யாரால் வெட்டப்பட்டவை? நம் பாட்டன் பூட்டன்மார் கூடை மண் சுமந்து கட்டிய கரைகள் அவை. வடகிழக்குப் பருவமழை வஞ்சிக்காத ஆண்டில், ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் குளம் நிறைகிறது. சில ஆண்டுகளில் மறுகால் பாய்கிறது. அந்த இரண்டு மூன்று மாதங்களில் குளத்தில் படகு மிதக்கும். தென்மேற்குப் பருவத்தில், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியிலே, ஐந்தருவிச் சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில் அரசின் படகுக் குழாம் இயங்குவதை நாம் அறிவோம். பேருந்தில் போய்வரும் தூரந்தான். ஆக, ஒரு பருவம் நம் ஊர்க் குளம். இன்னொரு பருவம் குற்றாலத்துக் குளம். நடுவிலுள்ள மாதங்களில் நீச்சல் பயிற்சி, உடற்பயிற்சி, படகுப் பராமரிப்பு. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் ஊருக்குத்தான் படகுச் சங்கம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வறண்ட நாட்டுக்காரனுக்கே நீரைப் பற்றிய பயிற்சி அதிகம் வேண்டும். கடற்கரைக் குழந்தை நடக்கும்போதே அலையோடு பழகிவிடுகிறது. நம் பிள்ளையோ பதினொரு மாதம் காய்ந்த குளத்தில் பந்தாடுகிறான். பன்னிரண்டாவது மாதம் அதே குளத்தில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. பந்தாடிய இடந்தானே என்று இறங்குகிறான். மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. மழைக்காலம் தோறும் செய்தித்தாளின் மூலையில் வரும் நாலு வரிச் செய்தி அப்படிப் பிறப்பதுதான்.

இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்போர் ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல் என்று ஒன்றிய அரசின் குற்ற ஆவணக் கணக்கே சொல்கிறது. உலகெங்கும் 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இப்படி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. ஐக்கிய நாடுகள் அவை அதே ஆண்டில், ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. இந்தச் சாவுகளில் பெரும்பகுதி ஏழை நாடுகளில் நடக்கிறது. நீச்சல்குளத்துக்குக் கட்டணம் கட்டிப் பிள்ளையை அனுப்ப முடியாத வீடுகளில் நடக்கிறது.

நம் தாத்தா காலத்தில் கமலைக் கிணறு இருந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு, மாமனும் சித்தப்பனும் மேலே நின்று நீச்சல் கற்றுக்கொடுத்தார்கள். கிணறுகள் வற்றின, ஆழ்குழாய் வந்தது, நீச்சலும் போயிற்று. போன அந்தக் கல்வியைத் திரும்பக் கொண்டுவரும் பள்ளிக்கூடந்தான் படகுச் சங்கம். நல்ல சங்கம் எதிலும் முதல் பாடம் துடுப்பு அல்ல, நீச்சல். இரண்டாம் பாடம், கவிழ்ந்தால் என்ன செய்வது என்பது. மூன்றாவதாகத்தான் படகு.

2023 கற்பித்த பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டோம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி ஆகிய 4 மாவட்டங்களையும் மழை புரட்டி எடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! ஓராண்டில் பெய்யவேண்டியது ஒரு நாளில் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினார்கள். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை.

அப்போது மக்களின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது எது? படகு. கடற்கரையிலிருந்து மீனவத் தோழர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஓட்டினார்கள். 2015இல் சென்னை வெள்ளத்திலும் அவர்களே வந்தார்கள். 2018இல் கேரள வெள்ளத்திலும் நூற்றுக்கணக்கான படகுகளோடு மீனவர்களே உயிர்களை மீட்டார்கள். எழுதிவைத்த உத்தரவுக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

அவர்களுக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரு கேள்வி. கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊருக்கு லாரியில் படகு வந்து சேரும் நேரம் வரை, கூரைமேல் நிற்கும் தாயும் பிள்ளையும் யாரை நம்பிக் காத்திருப்பது? ஊருக்குள்ளேயே பத்துப் படகும், படகைச் செலுத்தத் தெரிந்த முப்பது இளைஞர்களும், கயிறு வீசத் தெரிந்த கைகளும் இருந்தால், அந்த முதல் ஆறு மணி நேரம் வீணாகாது. பொங்கிப் பாயும் காட்டாற்றில் சின்னக் கயாக் படகை இறக்குவது அறிவீனம். அதை நாம் சொல்லவில்லை. தெருவில் தேங்கி நிற்கும் வெள்ளத்தில் மருந்தையும் பாலையும் கொண்டுபோகவும், நோயாளியைக் கரை சேர்க்கவும் பழகிய ஆள் வேண்டும் என்கிறோம். அந்த ஆள் வெள்ளம் வந்த அன்று உருவாக மாட்டான். வெள்ளம் வராத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் உருவாவான்.

தறித் தொழிலாளியின் உடல்

“நாள் முழுதும் தறியில் நிற்கிறேன். இதற்கு மேல் எனக்கு என்ன உடற்பயிற்சி?” என்று விசைத்தறித் தோழர் கேட்கலாம். வேலைக் களைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. தறியில் நிற்பவனின் கால் ஒரே நிலையில் நின்று நரம்பு புடைக்கிறது. தோளும் கழுத்தும் இறுகுகின்றன. காது தறியின் இரைச்சலால் மந்தமாகிறது. மூச்சில் பஞ்சுத்தூசி ஏறுகிறது. வேலை உடலைத் தேய்க்கிறது, வளர்ப்பதில்லை. உழைப்பாளி உடலால் உழைப்பதால் அவனுக்கு உடற்பயிற்சி வேண்டாம் என்பது, வேலை வாங்குகிறவனுக்கு வசதியான பேச்சு.

துடுப்பு வலிப்பது வெறும் கைவேலை என்று எண்ணுகிறோம். அப்படியன்று. சரியாகக் கற்றவன் கையால் மட்டும் வலிப்பதில்லை. பாதத்தைப் படகின் உள்ளே ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முதுகின் வலுவைத் துடுப்பில் இறக்குகிறான். வலமும் இடமும் மாறி மாறி வேலை செய்வதால் உடல் ஒருபக்கமாகச் சாய்வதில்லை. காலுக்கு உடல் எடையைச் சுமக்கும் வேலை இல்லை; ஆகவே முழங்கால் வலிக்காரரும் செய்யலாம். மூச்சு ஆழமாகிறது, இதயம் வலுக்கிறது. திறந்த வெளியில், தூசி இல்லாத காற்றில், தறியோசை இல்லாத அமைதியில் ஒரு மணி நேரம்! பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று காலைப் பொழுதுகள் போதும், கணக்கு நேராகிவிடும். இது நோய்க்கு மருந்து என்று நாம் மிகைப்படுத்தவில்லை. இதயக் கோளாறோ வலிப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்கவேண்டும்.

எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் முழு உருவம் என்ன? எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நம் விருப்பம். அந்த மூன்றாவது எட்டுக்காகத்தான் உலகத் தொழிலாளி இரத்தம் சிந்தினான். 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் இந்த மண்ணின் முதல் மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலர், மீனவர் குடியில் பிறந்தவர் என்பதை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். அந்த மூன்றாவது எட்டை இன்று எங்கே செலவழிக்கிறோம்? சாராயக் கடையிலா? கைப்பேசித் திரையிலா? சூதாட்டச் செயலியிலா? அந்த நேரத்தை நம் கையிலிருந்து பிடுங்கக் காத்திருக்கும் வியாபாரிகள் ஆயிரம். அதை நமக்கென்று வைத்துக்கொள்ள நம்மிடம் இருக்கும் இடங்கள் எத்தனை?

ஒரே குளம், ஒரே படகு

இன்னொரு பயனைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுமையாகாது. இந்த நாட்டில் குளத்துக்கும் சாதி இருந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரின் சௌதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடித்தார். அந்த ஒரு கை நீருக்காக அடி விழுந்தது, குளத்துக்குத் ‘தீட்டுக் கழிப்பு’ச் சடங்கு நடந்தது, வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்தது. நம் தென்பாண்டிச் சீமையிலும் எந்தத் துறையில் யார் இறங்கலாம், எந்தக் கிணற்றில் யார் நீந்தலாம் என்ற கணக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. சட்டத்தில் அது செத்தது, மனத்தில் செத்ததா?

இருவர் கயாக் படகை எண்ணிப் பாருங்கள். முன்னால் இருப்பவன் தாளம் கொடுக்கிறான். பின்னால் இருப்பவன் திசை பார்க்கிறான். இருவர் துடுப்பும் ஒன்றாக விழாவிட்டால் படகு தள்ளாடும். கவிழ்ந்தால் இருவரும் சேர்ந்தே நனைவார்கள். தூக்கிவிடும் கை எந்தத் தெருக் கை என்று மூழ்குகிறவன் கேட்கமாட்டான். மேடையில் நாம் ஆயிரம் முறை பேசும் சமத்துவத்தை, ஒரு காலைப் பொழுது அப்படிச் செய்து காட்டிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. சங்கம் ஒரு தெருவின் சங்கமாக, ஒரு சாதியின் சங்கமாகத் தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கினால் அது தொடங்காமலே இருப்பது நல்லது.

பெண்களுக்கும் இடம் வேண்டும். பேருக்கு இடம் விட்டால் போதாது. அவர்களுக்கென்று நேரம், பயிற்சி தரப் பெண் ஒருவர், உடை மாற்ற ஓர் அறை, இவை வேண்டும். வெள்ளம் வந்தால் முதலில் சிக்குவது வீட்டிலிருக்கும் பெண்ணும் குழந்தையும். நீந்தத் தெரியவேண்டியவர்களில் முதல் ஆள் அவளே.

பணத்துக்கு எங்கே போவது?

படகு ஒன்றின் விலை பெரிதுதான். ஆனால் எளிய வகை பிளாஸ்டிக் கயாக் ஒன்று, ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலைக்குள் அடங்கும். தனியொருவன் வாங்கினால் பாரம். ஐம்பது பேர் மாதச் சந்தா கட்டினால் பாரம் இல்லை. படிப்பகம் அமைத்தவர்கள் நாம். கபடிக் குழுவும் சிலம்பக் கூடமும் நடத்தியவர்கள் நாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்கள் நாம். அதே வழிதான் இதற்கும். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். நாலு படகு, பத்து லைப் ஜாக்கெட், நீளமான கயிறு, விசில், முதலுதவிப் பெட்டி. தொடக்கத்துக்கு இவை போதும்.

நெசவாளர் ஊருக்கு இன்னொரு செய்தி சொல்வோம். 1905இல் ஜெர்மனியில் ஒரு மாணவர், மடித்துப் பையில் வைத்து ரயிலில் கொண்டுபோகக் கூடிய கயாக் ஒன்றைச் செய்தார். மரச்சட்டம் உள்ளே, கெட்டித் துணி மேலே. 1907இல் அந்த உரிமையை வாங்கிப் பெருவாரியாகச் செய்து விற்றவர் யார் தெரியுமா? ரோசன்ஹைம் நகரத்துத் தையற்காரர் யோகான் கிளெப்பர். படகு வைக்கத் தனி வீடும் சுமக்க வண்டியும் இல்லாத சாமானிய மக்களும் அதனால் ஆற்றில் இறங்கினார்கள். துணி நெய்பவனுக்கும் படகுக்கும் உறவே இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம்!

அனுமதி பெறும் வழியும் தெரிந்திருக்கவேண்டும். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அதிகாரியிடம் மனுக் கொடுக்கும் முன்பு, பாசன விவசாயிகளிடமும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமும் பேசவேண்டும். குளத்து நீர் முதலில் பயிருக்கு, பிறகு கால்நடைக்கு, மிஞ்சிய நேரமும் இடமுமே நமக்கு. விவசாயியோடு சண்டை போட்டு நடக்கும் படகுச் சங்கம் உழைப்பாளிச் சங்கம் ஆகாது. மாறாக, வாரந்தோறும் குளத்தில் இறங்குகிறவனுக்கே எங்கே சாக்கடை கலக்கிறது, எங்கே ஆகாயத்தாமரை மூடுகிறது, எந்தக் கரையை யார் அரித்து வளைக்கிறார் என்பது தெரியும். படகுச் சங்கத்தான் குளத்தின் காவற்காரனாக இருந்தால், விவசாயியே அவனை வரவேற்பான்.

மீறக்கூடாத விதிகள்

நீந்தத் தெரியாதவன் பயிற்சியாளர் துணையின்றி இறங்கக் கூடாது. தெரிந்தவனும் லைப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கக் கூடாது. தனியே போகக் கூடாது. குடித்தவனைக் கரையிலேயே நிறுத்தவேண்டும், அவன் செயலாளராக இருந்தாலும். இடி இடித்தால் உடனே கரை ஏறவேண்டும். திறந்திருக்கும் மடைக்கும் பாயும் மறுகாலுக்கும் அருகே போகவே கூடாது. நீரின் இழுப்பு அங்கே கண்ணுக்குத் தெரியாது. படகு கவிழ்ந்தால் அதை விட்டுவிட்டு நீந்தாமல், அதையே பிடித்துக்கொள்ளவேண்டும். மூழ்குபவனைக் காப்பாற்றக் குதிக்காமல், முதலில் கம்பை நீட்டவேண்டும், கயிற்றை வீசவேண்டும். ஒருவனைக் காப்பாற்றப் போய் மூவர் மாண்ட வீடுகள் இந்த நாட்டில் ஏராளம்.

நாம் கேட்பது

அரசிடமும் நகராட்சியிடமும் நாம் கேட்பது பிச்சை அல்ல. உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லா நீச்சல்குளம் ஒன்று. பள்ளிப் பாடத்தோடு நீச்சல். பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களைப் பேரிடர் காலத் தொண்டர்களாகப் பதிவு செய்து காப்பீடு தரும் ஏற்பாடு. படகு வைக்கக் குளக்கரையில் ஒரு கொட்டகை. இவ்வளவே.

இதை நாம் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? ஒரு நாள் ஒரு குத்தகைதாரர் வருவார். குளக்கரைக்கு வேலி போடுவார். வாசலில் நுழைவுச் சீட்டு விற்பார். நம் பாட்டன் மண் சுமந்த கரையில் நின்று பார்ப்பதற்கே நம்மிடம் காசு கேட்பார். அதன்பின் கூட்டம் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றுவதில் பயனில்லை.

ஆகவே, தோழர்களே, உங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் படகுச் சங்கம் இருந்தால் சேருங்கள், பிள்ளைகளைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஏழு பேர் கூடுங்கள். வருகிற கார்த்திகையில் குளம் நிறைவதற்கு முன்பே நீச்சல் பயிற்சி தொடங்கட்டும். குளம் நிறைவது வானத்தின் பொறுப்பு. நிறைந்த குளத்தில் நம் பிள்ளை மூழ்காமல் மிதப்பது நம் பொறுப்பு.